அண்ணாச்சிகிட்ட கேளுங்க: பூச்சிய மொதல்ல டப்பாவுல பிடிங்க

போன இதழ்ல குதிரைக்கு லாடம் அடிக்கிறதப் பத்தி ரெண்டு வரி எழுதியிருந்தேன், ஆறு வாரத்துக்கு ஒருக்கா மாத்தணும், மிஞ்சிப்போனா எட்டு வாரம், அதுக்கு மேல விடக்கூடாதுன்னு. அதுக்கு வந்த லெட்டர்ல பாதிக்கு மேல லாடத்தப் பத்தியே இல்ல, வீட்டுல பூச்சி வந்துட்டு அண்ணாச்சி, குதிரையாலதானான்னு கேட்டுதான் வந்திருக்கு. நம்ம திருநெல்வேலியில பெருமாள்புரம், கேடிசி நகர், மகாராஜநகர் பக்கமெல்லாம் அபார்ட்மெண்ட் பெருகிட்டு, பிள்ளைங்க லீவு நாள்ல குதிரை ஓட்டவும் போவுதுங்க, ரெண்டையும் முடிச்சுப் போட்டு வீட்டுல சண்டை நடக்குன்னு லெட்டரப் படிச்சாலே தெரியுது. நான் கால்நடை மருந்தகத்துல முப்பது வருசம் வேல பாத்தவன், இப்ப ரெண்டாவது மாடி ஃபிளாட்லதான் குடியிருக்கேன், அதனால இந்தத் தடவ முழுக்க இதுக்கே பதில் சொல்லிருதேன்.

கேள்வி: அண்ணாச்சி வணக்கம். எம்மவ ஏழாங்கிளாஸ் படிக்கா, நாலு மாசமா சனி ஞாயிறு குதிரை சவாரி கத்துக்கப் போறா. அதுக்கு முன்னாடி எதுலயும் ஒட்டாம ரூமுக்குள்ளயே இருந்த பிள்ள, இப்ப வெள்ளிக்கிழம ராத்திரியே பூட்ஸ எடுத்து வாசல்ல வச்சிருதா. குதிரைக்குக் குடுக்கன்னு பத்து கிலோ கொள்ளு வாங்கி பால்கனியில வச்சிருக்கா. ரெண்டு மாசமா கிச்சன்ல குட்டி குட்டியா கரப்பான், லைட்டப் போட்டா ஸ்டவ்வுக்கு அடியில ஓடுது. இவளுக்கு கையில தடிப்பு தடிப்பா அரிப்பும் இருக்கு. பக்கத்து ஃபிளாட் மதினி அசோசியேஷன் மீட்டிங்ல எல்லார் முன்னாலயும், இவங்கதான் லாயத்துலருந்து பூச்சிய கொண்டாராங்கன்னு சொல்லிட்டாங்க, எனக்கு தல நிமிந்து லிஃப்ட்ல ஏற முடியல. வீட்டுக்காரரு சவாரிய நிறுத்திருவோம்ங்காரு. தீப்பெட்டிக்குள்ள ரெண்டு பூச்சி வச்சிருக்கேன், பாத்து சொல்லுங்க.
— பெருமாள்புரம் வாசகி

பதில்: தங்கச்சி, சவாரிய நிறுத்தாண்டாம். மொதல்ல அதச் சொல்லிட்டுதான் மத்தது.

நீங்க பூச்சியப் பிடிச்சு அனுப்புனீங்க பாருங்க, அதுதான் செய்ய வேண்டிய வேல, ஊர்ல முக்காவாசிப் பேரு பூச்சி என்னன்னே பாக்காம மருந்து அடிக்காங்க. தீப்பெட்டியத் தொறந்து ஜன்னல் வெளிச்சத்துல வச்சுப் பாத்தேன். ரெண்டும் அரை இஞ்ச்சு நீளம், வெளிறுன தவிட்டு நிறம், தலைக்குப் பின்னாடி உள்ள பட்டையில நீளவாக்குல ரெண்டு கறுப்புக் கோடு. அந்தக் கோட்ட வச்சே சொல்லிரலாம், இது ஜெர்மன் கரப்பான். டிரெய்னேஜ் குழாய்லருந்து செவப்பா ஒன்றரை இஞ்ச்சுல ஏறி வருமே, நம்ம ஆச்சிங்க பாச்சைன்னு சொல்லுவாங்களே, அது வேற ஜாதி. நீங்க அனுப்புனதுல ஒண்ணு பொட்ட, வால் பக்கத்துல சின்ன பர்ஸ் மாதிரி ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, அது முட்டைக் கூடு, உள்ள முப்பது நாப்பது முட்டை இருக்கும், பொரிக்கப் போற நேரம் வரைக்கும் கூடவே தூக்கிக்கிட்டுத் திரியும். முட்டையிலருந்து வளந்து மறுபடி முட்டை வைக்க மூணு மாசம் போதும், அதனாலதான் ஒண்ணு ரெண்டா தெரிஞ்சது இப்ப லைட்டப் போட்டா சிதறி ஓடுது.

இந்த ஜாதி லாயத்துல வாழாது. வெயில்லயும் வெட்டவெளியிலயும் இதுக்கு வாழ்க்கையே கிடையாது, மனுசன் வீட்டுக்குள்ள சூடும் ஈரமும் எண்ணெய்ப் பிசுக்கும் உள்ள எடத்துலதான் இருக்கும், ஃபிரிட்ஜ் மோட்டாருக்குப் பின்னாடி, மிக்ஸிக்கு அடியில, சிங்குக்குக் கீழ குழாய் சுவருக்குள்ள போற ஓட்டையில. கடையிலருந்து சாமான் வார அட்டைப்பெட்டியில வரும், பழைய ஃபிரிட்ஜ் வாங்குனா அதுல வரும், அபார்ட்மெண்ட்னா குழாய் எல்லாம் ஒரே டக்ட்டுல மேலருந்து கீழ வரைக்கும் போவுதுல்லா, அதுவழியா வீட்டுக்கு வீடு ஏறி எறங்கும். குதிரை மேல பழி போட ஒண்ணுமே இல்ல.

ஆனா அந்த கொள்ளு மூட்டைய நீங்க பாக்கணும். ஒரு கைப்பிடி எடுத்து வெள்ளைத் துணியில பரப்புங்க. கொள்ளு மேல ஊசிமுனை அளவுக்கு வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தா அது பயறு வண்டு வச்ச முட்டை, உருண்டையா ஓட்டை தெரிஞ்சா உள்ள இருந்த வண்டு தின்னுட்டு வெளிய பறந்தாச்சு. அது கரப்பான் இல்ல, ஆளைக் கடிக்காது, ஆனா மூட்டைக்குக் கீழ மாவா உதிரும்ல, அந்த மாவுக்கு கரப்பான் வரும். வீட்டுச் சமையலுக்கு வச்சிருக்க பயறுன்னா ஒரு கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய் தடவி வச்சா முட்டை பொரிக்காது, நம்ம பக்கம் துவரைக்கு செம்மண் கட்டி வைக்கிறதும் அதுக்குத்தான். குதிரைக்குன்னா எண்ணெயும் வேண்டாம் மண்ணும் வேண்டாம், நல்ல வெயில்ல காயப்போட்டு மூடி இறுகுற தகர டின்ல வைங்க, ஒரு தடவைக்கு ரெண்டு கிலோ போதும். இன்னொண்ணு, சவாரி சொல்லிக்குடுக்க மாஸ்டரக் கேக்காம பிள்ளை இஷ்டத்துக்கு அள்ளி அள்ளிக் குடுக்கக்கூடாது, குதிரையால வாந்தி எடுக்க முடியாது, கூடுதலா தின்னா வயித்துவலி வந்து படுத்துரும், உயிருக்கே ஆபத்து.

கரப்பானுக்கு ஸ்ப்ரே அடிக்காதீங்க. ஜெல் மருந்து ஊசிக்குழாய்ல கிடைக்கு, ஃபிப்ரோனில் இல்ல இமிடாகுளோப்ரிட்னு போட்டிருக்கும், துவரம்பருப்பு அளவுக்கு சின்னச் சின்ன பொட்டா கதவுக் கீல்ல, சிங்குக்கு அடியில, ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி, அது ஓடுற வழி பாத்து வைங்க, பிள்ளைங்க கை படாத எடமா, சாப்பாட்டுச் சாமான் வைக்காத எடமா. தின்ன கரப்பான் பொந்துக்குள்ள போய் சாவும், அதோட பீயையும் பொணத்தையும் தின்னு மத்ததும் சாவும். அதே எடத்துல ஸ்ப்ரேயும் அடிச்சா அந்த வாடைக்கு ஜெல்ல தொடவே தொடாது, நம்மாளுங்க ரெண்டையும் ஒண்ணா செஞ்சுட்டு மருந்து போலின்னு சொல்லுதாங்க. ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி வைங்க, புதுசா பொரிச்ச குஞ்சுக்கு. ராத்திரி படுக்கப் போம்போது சிங்கு காஞ்சு கெடக்கணும், இது ரொம்ப முக்கியம், சோறு இல்லாம கூட கொஞ்ச நாள் கெடக்கும், தண்ணி இல்லாம தாங்காது.

அரிப்ப தோல் டாக்டர்ட்ட காட்டுங்க. குதிரை முடியோட பொடுகு சில பேருக்கு அலர்ஜி ஆகும், கரப்பான் எச்சமும் அலர்ஜி ஆகும், எதுன்னு அவங்கதான் சொல்லணும். குதிரைப் பேன் இருக்குமோன்னு பயப்படாண்டாம், அது குதிரை மேல மட்டும்தான் வாழும், மனுசன் மேல தங்காது. அந்த மதினி வீட்டுலயும் கரப்பான் அநேகமா இருக்கும், ஒரே டக்ட்டு. அடுத்த மீட்டிங்குக்கு ஒரு தீப்பெட்டியில பிடிச்சுக் கொண்டுபோய் அந்த ரெண்டு கோட்டக் காட்டி, டக்ட்டு லைன்ல உள்ள எல்லா வீட்டுக்கும் ஒரே நாள்ல ஜெல் வைப்போம்னு நீங்களே எடுத்துச் சொல்லுங்க. ஒரு வீட்டுல மட்டும் வச்சா ஒரு மாசத்துல திரும்பி வந்துரும்.

கேள்வி: சவாரி முடிஞ்சு வந்து குளிக்கும்போது முட்டிக்குப் பின்னால கொள்ளு சைசுக்கு ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு அண்ணாச்சி, பிச்சாலும் வரல. ஃபிரெண்டு தீக்குச்சியக் கொளுத்தி வைன்னான், அம்மா மண்ணெண்ணெய் ஊத்துனாங்க. இப்ப அம்மா மாட்டுக்கு அடிக்கிற உண்ணி மருந்த வாங்கி வீடு பூரா அடிக்கணும்ங்காங்க. வீட்டுல பூனை இருக்கு. லாயத்துக்காரரும் மிச்சம் இருந்தா குடுங்க குதிரைக்கு அடிப்போம்னு கேக்காரு.
— கேடிசி நகர் வாசகர்

பதில்: தம்பி, ரெண்டு பாட்டிலையும் கீழ வைங்க. ஒட்டுனது உண்ணி. தீக்குச்சியும் மண்ணெண்ணெயும் வச்சா அது வயித்துல உள்ளத நம்ம ரத்தத்துக்குள்ள கக்கிட்டுப் போகும், அதுதான் ஆபத்து. கூர்முனை உள்ள டுவீசர எடுத்து தோலோட ஒட்டி, அதோட வாய்ப் பக்கமா பிடிச்சு, திருகாம, வெடுக்குன்னு இழுக்காம, நேர மேல தூக்கணும். அரை நிமிசம் ஒரே சீரா இழுத்தா விட்டுரும். நகத்தால நசுக்காதீங்க, செல்லோடேப்ல ஒட்டி தேதி எழுதி வச்சுக்கிடுங்க, கடிச்ச எடத்த சோப்பு போட்டுக் கழுவுங்க. ரெண்டு வாரத்துக்குள்ள காய்ச்சல் வந்தா டாக்டர்ட்ட போம்போது அந்த டேப்பையும் கொண்டு போங்க. இன்னொரு விசயமும் நம்ம ஊர்க்காரங்களுக்குத் தெரியணும், புதர்ல உக்காந்து எந்திரிச்சா கண்ணுக்கே தெரியாத ஒரு செள்ளுப்பூச்சி கடிக்கும், கடிச்ச எடம் சிகரெட்டால சுட்ட மாதிரி கறுப்புப் பொருக்கா இருக்கும், வலியே இருக்காது, ஆனா காய்ச்சல் விடாது. ஸ்க்ரப் டைபஸ்னு சொல்லுவாங்க. டாக்ஸிசைக்ளின் மாத்திரைக்குக் கேக்கும், ஆனா நாள் கடத்துனா கிட்னி வரைக்கும் போயிரும், அதனால அந்தப் பொருக்கு இடுப்பு மடிப்புலயோ அக்குள்லயோ இருந்தாலும் டாக்டர்ட்ட மறைக்காம காட்டணும்.

இப்ப மருந்து. பெர்மெத்ரின் கலந்தத பூனை இருக்க வீட்டுல அடிக்கவே கூடாது, பூனையோட ஈரலால அத உடைக்க முடியாது, வலிப்பு வந்து செத்துரும். மாட்டுக்கு அடிக்கிறது அமிட்ராஸா இருந்தா அத குதிரைக்கு அடிக்கக்கூடாது. இதச் சொல்லும்போது எனக்கு இப்பவும் நெஞ்சு பதறுது. நான் சர்வீஸ்ல இருக்கும்போது ஒருத்தர் வண்டிக்குதிரைக்கு, மாட்டுக்கு நல்லா கேட்டுதேன்னு அதையே கரைச்சு ஊத்திட்டாரு, மறுநாள் குடல் ஓட்டமே நின்னு போச்சு, காத வச்சுக் கேட்டா வயித்துல ஒரு சத்தமும் இல்ல, ராத்திரி பூரா நடத்திக்கிட்டே இருந்தோம், விடியக்காலம் போயிட்டு. நல்ல மனசோடதான் செஞ்சாரு. மாட்டுக்கு ஆவுறது குதிரைக்கு ஆவாது, லாயத்துக்காரர்ட்ட இத இன்னைக்கே போன் போட்டு சொல்லிருங்க, கால்நடை டாக்டர் எழுதித் தாரத மட்டும் போடட்டும்.

உங்க வீட்டுக்கு மருந்தே வேண்டாம். லாயத்துலருந்து வந்த உடனே பேண்ட்டையும் சாக்ஸையும் நேரா வாளியில போட்டு கொதிக்கிற தண்ணி ஊத்துங்க, பாத்ரூம்லயே காதுக்குப் பின்னாடி, அக்குள், முட்டி மடிப்பு தடவிப் பாருங்க, பூட்ஸ் வாசலுக்கு வெளியவே இருக்கட்டும். டிடி ஊசி போட்டு பத்து வருசம் ஆச்சுன்னா போட்டுக்கிடுங்க, குதிரைச் சாணி கெடக்க மண்ணுல ஏற்புவலி, அதான் டெட்டனஸ், அந்தக் கிருமி இருக்கும்.

கேள்வி: வண்ணார்பேட்டையில பேச்சிலரா இருக்கேன். காலையில எந்திரிச்சா கையில வரிசையா மூணு நாலு கடி, பெட்ஷீட்ல சின்ன ரத்தக் கறை. குதிரை சேணத்துக்கு அடியில போடுற மெத்தைத் துணிய துவைக்க வீட்டுக்குக் கொண்டு வந்தேன், அதுலருந்து வந்திருக்குமோ? போன மாசம் செகண்ட் ஹேண்ட்ல கட்டில் வாங்குனேன். ரூம் மேட் கோடவுன்ல போடுற மாத்திரை கிடைக்கும், போட்டுட்டு ஒரு நாள் வெளிய தங்கிருவோம்ங்கான்.

பதில்: அந்த மாத்திரைய வீட்டுக்குள்ள கொண்டு வரவே கூடாது, கெஞ்சிக் கேட்டுக்கிடுதேன். அது அலுமினியம் பாஸ்பைடு, காத்துல உள்ள ஈரம் பட்டா பாஸ்பீன் வாயு வரும், ரூம்லருந்து கசிஞ்சு பக்கத்து ஃபிளாட்ல தூங்குற குழந்தை வரைக்கும் கொன்னுரும், அதுக்கு மாத்து மருந்தே கிடையாது.

உங்களுக்கு இருக்கது மூட்டைப்பூச்சி, வந்தது அந்தக் கட்டில்லருந்து. குதிரைத் துணியில இல்ல. ராத்திரி ரெண்டு மணிக்கு டார்ச் அடிச்சு கட்டில் சட்டம் சேருற மூலை, ஆணி ஓட்டை, மெத்தைத் தையல் பாருங்க, பேனாவால புள்ளி வச்ச மாதிரி கறுப்புக் கறை இருக்கும், அதுதான் அடையாளம். மாசக்கணக்குல ரத்தம் குடிக்காம கெடக்கும், அதனால ரூமப் பூட்டிட்டு ஊருக்குப் போனா தீராது. சாதாரண ஸ்ப்ரேக்கு இப்ப நெறய எடத்துல சாவுறதும் இல்ல. சூடுதான் இதுக்கு மருந்து, அம்பது டிகிரிக்கு மேல போனா முட்டையோட சாவும். நம்ம தாத்தா காலத்துல கயித்துக் கட்டில தூக்கி வாசல்ல போட்டு கொதிக்கக் கொதிக்க தண்ணி ஊத்துனாங்க இல்லியா, அது சரியான வேல. துணி எல்லாத்தையும் வெந்நியில அலசுங்க, கட்டிலக் கழட்டி மூலை மூலையா கொதிதண்ணி ஊத்துங்க, வாரத்துக்கு ஒருக்கா ஒரு மாசம் செய்யணும். ஒரு மாசம் கழிச்சும் கடி நிக்கலன்னா பூச்சிக் கட்டுப்பாட்டு ஆளக் கூப்பிடுங்க, தனியா மல்லுக்கட்டாண்டாம்.

கேள்வி: அபார்ட்மெண்ட் கார் பார்க்கிங்ல எனக்கு ரெண்டு கார் எடம் இருக்கு, ஒண்ணுல ஒரு மட்டக்குதிரை கட்டிக்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. சாணியில ஈ முட்டை வச்சா நம்ம ஊர் சூட்டுக்கு பத்து நாளைக்குள்ள புது ஈ பறக்கும், மொத்த பில்டிங்கும் தாங்காது. தரை வழுக்கும், கால் முறியும். எல்லாத்துக்கும் மேல குதிரை கூட்டமா வாழுற சீவன், கார்களுக்கு நடுவுல ஒத்தையில நின்னா மரத்தக் கடிச்சுக்கிட்டு தலைய ஆட்டிக்கிட்டே பித்துப் பிடிச்ச மாதிரி ஆயிரும்.

கேள்வி: ஐப்பசி மழைக்கு பூட்ஸ் பூரா பூஞ்சை, உள்ள வெள்ளியா வழுக்குற பூச்சி ஒண்ணு.
— மேலப்பாளையம் வாசகி

பதில்: அது ராமபாணப்பூச்சி, ஈரத்துக்கு வருது, கடிக்காது. பூட்ஸ ஈரத்துணியால துடைச்சு நிழல்ல ஃபேன் காத்துல காயவைங்க, உள்ள நியூஸ்பேப்பர கசக்கித் திணிச்சா ஈரத்த இழுக்கும், தினம் பேப்பர மாத்தணும். வெயில்ல போட்டா தோல் வெடிச்சுரும். பாச்சா உருண்டைய சின்னப் பிள்ளைங்க இருக்க வீட்டுல போடாதீங்க, மிட்டாய்னு வாயில வச்சிரும்.

கேள்வி: ஐயா, எனக்கு வயசு 74. பேரன் குதிரை ஓட்டப் போறான். இது பணக்காரன் வெளயாட்டு, நம்ம ஊருக்கு என்ன சம்மந்தம்னு உறவுல கேக்காங்க. என்ன பதில் சொல்லட்டும்?
— ஸ்ரீவைகுண்டம் வாசகர்

பதில்: அண்ணாச்சி, உங்க ஊரு தாமிரபரணி ஆத்தப் பிடிச்சு கெழக்க போங்க, கடல் சேருற பக்கத்துல பழையகாயல் இருக்கு. அங்கனதான் எழுநூறு வருசத்துக்கு முன்னாடி அரபு நாட்டுக் குதிரை கப்பல் கப்பலா எறங்குச்சு. 1290கள்ல அந்தப் பக்கம் வந்த வெனிஸ் ஊர்ப் பயணி மார்க்கோ போலோ எழுதி வச்சிருக்காரு, பாண்டிய ராசா வருசத்துக்கு ரெண்டாயிரம் குதிரைக்கு மேல வாங்குவாரு, வருசக் கடைசியில நூறு கூட மிஞ்சாது, இந்த ஊர்க்காரங்களுக்கு குதிரை வளக்கத் தெரியலன்னு. லாடம் கட்டவும் வைத்தியம் பாக்கவும் ஆளு கிடையாது, விக்கிற யாவாரிங்க அந்த ஆளுங்கள இங்க வர விடவும் மாட்டாங்க, செத்தாத்தான அடுத்த வருசம் மறுபடி வாங்குவாங்க. அதே காலத்த ஒட்டி எழுதுன பாரசீகக்காரர் வஸ்ஸாஃப், வறுத்த வாற்கோதுமையும் வெண்ணெயும் காய்ச்சுன பசும்பாலும் குடுத்தாங்கன்னு சொல்லுதாரு. பாசமாத்தான் குடுத்திருக்காங்க, அது குதிரைக்கு ஆவாதுன்னு சொல்ல ஒரு ஆளு இல்ல. அத்தன குதிரையும் இந்த மண்ணுலதான் பொதைஞ்சிருக்கும்னு நெனச்சா எனக்கு ஒரு மாதிரி ஆயிரும்.

அப்புறம் நம்ம காலத்துல ஜட்கா வண்டி ஓடுச்சு, ஜங்ஷன்ல எறங்குனா வரிசையா நிக்கும், அய்யனார் சாஸ்தா கோயிலுக்கு மண்குதிரை எடுத்து வச்ச சனம் நாம. பேரன் ஓட்ட மட்டும் கத்துக்காம, குளம்பு சுரண்டவும் தீவனம் பாக்கவும் கத்துக்கிட்டான்னா, எழுநூறு வருசத்துக்கு முன்னாடி இந்த ஊர்ல ஆளு இல்லாம போன வேலைய கத்துக்கிடுதான்னு அவங்கட்ட சொல்லுங்க. தலைக்கு ஹெல்மெட் மட்டும் தாடையில வார் கட்டுனதா இருக்கணும், ஒரு தடவ விழுந்து அடி பட்டா அந்த ஹெல்மெட்ட தூரப் போட்டுட்டு புதுசு வாங்கணும், வெளிய கீறல் தெரியலன்னாலும்.

கேள்வி: அண்ணாச்சி தாத்தா, அம்மா எழுதுன கவர்லயே இதையும் ஒளிச்சு வச்சிருக்கேன். நான் ஓட்டுற குதிரைய ஈ ரொம்பக் கடிக்குது. கண்ணுல மொய்க்குது. அதுக்கு கை இல்லியே, அரிச்சா என்ன செய்யும்?
— ஏழாங்கிளாஸ், பெருமாள்புரம்

பதில்: தாயி, உன் கேள்விதான் இந்த மூட்டையிலேயே நல்ல கேள்வி. குதிரைக்கு தோலுக்கு அடியில ஒரு மெல்லிசான சதை இருக்கு, நமக்கு உடம்புல அது கிடையாது, அத வச்சு ஈ உக்காந்த எடத்துல தோல மட்டும் துடிக்க வைக்கும். ஒரு ஈ உக்காருற கனம் கூட அதுக்குத் தெரியும், அதனாலதான் நீ கால லேசா அமுக்குனாலே அது நடக்குது, ஓங்கி உதைக்க வேண்டிய அவசியமே இல்ல. வாலால பின்பக்கத்த விசிறிக்கிடும், நெத்தி முடியால கண்ண மறைச்சுக்கிடும், அதனால அந்த முடிய யாரும் கத்திரிச்சு விடாம பாத்துக்கோ. லாயத்துல ரெண்டு குதிரை தலைய மாத்தி மாத்தி ஒட்டி நிக்கிறதப் பாத்திருப்ப, ஒண்ணோட வாலு இன்னொண்ணு மூஞ்சிக்கு விசிறி.

நீ செய்ய வேண்டியது, சாணிய தினம் ரெண்டு வேள அள்ளச் சொல்லு. கண்ணத் துடைக்கிற துணி ஒவ்வொரு குதிரைக்கும் தனித்தனியா வேணும், ஒரே துணியால ரெண்டு குதிரையத் துடைச்சா கண்நோய் ஒட்டும். பிரஷ் போடும்போது காதுக்குள்ள, தாடைக்கு அடியில, பிடரி முடிக்குக் கீழ, வாலுக்கு அடியில உண்ணி இருக்கான்னு விரலால தடவிப் பாரு, இருந்தா நீ பிடுங்காத, மாஸ்டரக் கூப்பிடு. பின்னாலருந்து கிட்டப் போகாத, எடது தோள் பக்கமா பேசிக்கிட்டே போ.

சனிக்கிழம சேணம் போடுறதுக்கு முன்னாடி அது தோள்பட்டைக்குப் பின்னால உள்ளங்கைய வச்சு சும்மா நில்லு. ஈ உக்காரும்போது கைக்கு அடியில ஒரு ரூபா அளவுக்கு தோலு படபடன்னு ஓடும். அஞ்சு நிமிசத்துல எத்தன தடவன்னு எண்ணி எனக்கு எழுது.